அறுக்காமல் வளைத்த கை

கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஒரு கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்தது, அவ்வளவுதான். அதற்காகத் தேவகுமாரி என்ற பெண் அன்று சாயங்காலம் போலீஸ் ஜீப்பில் ஏற வேண்டியிருக்கும்.

ஜோதிமணியை இந்த வேலைக்குக் கூப்பிட்டவர் தனசேகர். சென்னையில் உட்கார்ந்துகொண்டு கொடைக்கானலில் ஓர் ஆராய்ச்சி மையம் நடத்துபவர். அந்தப் பெண்தான் செய்தாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. புகார் கொடுக்குமுன் ஒரு துப்பறிவாளரின் கையெழுத்தும் இருந்தால் கேஸ் பலமாக நிற்கும் என்று நினைத்தார். நாலு மணிக்கு வந்து இறங்குவேன், அதற்குள் முடித்து வையுங்கள் என்றார். வந்ததும் சாப்பிட இலை போட்டு வைக்கச் சொல்வதுபோல இருந்தது அவர் சொன்ன தோரணை.

ஜோதிமணி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். திண்டுக்கல்லில் பூட்டுக்கடை மாடியில் 'ஞானவேல் துப்பறியும் நிலையம்' என்ற போர்டு இன்னும் தொங்குகிறது. ஞானவேல் போய் மூன்று தீபாவளி ஆகிவிட்டது. போர்டை மாற்ற அவர் மனைவி ஜோதிமணிக்கு மனசு வரவில்லை, வீட்டில் உட்காரவும் மனசு வரவில்லை. சொத்தைக் கேஸோ சொள்ளைக் கேஸோ, வந்ததை எடுத்துக்கொண்டாள். கேஸ் முடிந்த பிறகும் அந்த ஊரிலேயே ஒரு நாள் கூடத் தங்கிவிட்டுத்தான் திரும்புவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க யாரும் இல்லை.

முகேஷ் அவளுக்கு உதவியாளன், டிரைவர், தலைவலி மூன்றும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதிலிருந்து வாயை மூடவில்லை. கொலை நடந்த வீட்டுக்குக்கூடத் தைரியமாகப் போயிருக்கிறேன், கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்று போவது இதுதான் முதல் தடவை, நாடி பார்ப்பதா நாக்கை நீட்டச் சொல்வதா என்று கேட்டான். மூஞ்சிக்கல் கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தி, அவன் அம்மா வாங்கி வரச் சொன்ன மலைப்பூண்டைத் தேடி இறங்கினான். வெறுங்கையோடு திரும்பினான்.

"புதுப்பூண்டெல்லாம் வடுகபட்டி சந்தைக்கு இறங்கி ஒரு மாசமாச்சாம் மேடம். இனிமே மாசியிலதான் பாக்கலாமாம். மலைக்கே வந்து மலைப்பூண்டு கிடைக்காத ஒரே ஆள் நான்தான். அம்மா கொன்னுடும். அப்புறம், கேஸ் முடிஞ்சதும் நீங்க நேரா எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்னு சொல்லி விட்டுச்சு."

பார்க்கலாம் என்றாள் ஜோதிமணி. ஞானவேல் போனதிலிருந்து அந்த அம்மாவுக்கு அவள் சொல்லும் பதில் அது ஒன்றுதான். இன்னொருத்தர் வீட்டில் என்ன உறவென்று போய் உட்கார்வது என்று அவளுக்கு இருந்தது.

நாயுடுபுரத்துக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் இருந்தது அந்தப் பழைய பங்களா. மலைச்சரிவில் எங்கே எவ்வளவு மழை கொட்டும், எங்கே மண் சரியும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் மையம். குளிர்காற்று சும்மா கிடைக்கிறது, ஏசி செலவு மிச்சம் என்றுதான் இவ்வளவு பெரிய கம்ப்யூட்டரை இந்த மலையில் கொண்டுவந்து வைத்தார்கள். சுற்றிலும் மஞ்சு, அந்த மலைப் பனிமூட்டம், இறங்கியிருந்தது. கேட்டிலிருந்து வாசற்படி தெரியவில்லை. படியில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்ற பிறகுதான் அங்கே ஆள் இருப்பதே தெரிந்தது.

தேவகுமாரிக்கு முப்பது வயது இருக்கும். அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் அவள்தான். ஒரு வாரமாக உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. ஜோதிமணி கூட இருந்தால் இன்று மட்டும் போகலாம். அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அந்தத் தோட்டத்து வார்த்தைகள் ஒன்றிரண்டு மகள் பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

மெஷின் ரூமில் ஆளுயர அலமாரிகள் வரிசையாக நின்று இரைந்தன. முன்பக்கம் குளிர், பின்பக்கம் அடுப்பங்கரைச் சூடு. தலைக்கு மேலே நீளமான கம்பித்தட்டு ஓடியது. அதில் நீலக் கம்பிகள் கொத்துக்கொத்தாகப் போய், நடுவில் இருந்த ஒரு பெட்டியில் சேர்ந்தன. எல்லா மெஷின்களையும் ஒன்றோடொன்று இணைக்கிற சந்திப்பு அந்தப் பெட்டிதான்.

"ஒரு மெஷினால இவ்வளவு பெரிய கணக்கைப் போட ஏலாது மேடம்," என்றாள் தேவகுமாரி. "மலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு கொடுத்திருக்கோம். என் எல்லையில இவ்வளவு காத்து, இவ்வளவு மழைன்னு ஒவ்வொண்ணும் பக்கத்து மெஷினுக்குச் சொல்லணும். அதுங்க கதைச்சுக்கிட்டே இருக்கணும். ஒண்ணு கதைக்கத் தாமதிச்சாலும் மத்த எல்லாம் காத்துக்கிட்டு நிக்கும்."

லாரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றும்போது ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றி விடுவார்களே, அதுபோல என்று ஜோதிமணி புரிந்துகொண்டாள். வரிசையில் ஒருவன் கை சோர்ந்தால் கடைசி ஆள் வரைக்கும் சும்மா நிற்க வேண்டியதுதான். எத்தனை பலசாலிகளை நிறுத்தினாலும் வேகம் அந்த ஒருவனுடைய வேகம்தான்.

"இதுங்களுக்குப் பேச்சு நின்னா வியாதி. எங்க சித்தப்பா வீட்டுல பேச்சு ஆரம்பிச்சா வியாதி," என்றான் முகேஷ்.

தேவகுமாரி சிரித்துவிட்டாள். சிரித்து ரொம்ப நாளானவள் சிரிப்பது போல, பாதியில் அது நின்றுபோனது. நாளெல்லாம் இங்கே யாரோடு பேசுவாய் என்று ஜோதிமணி கேட்டாள். வாட்ச்மேன் சோலைமலை அண்ணன் இருக்கிறார், அவரோடுதான் என்றாள் அவள். வேறு யார்? வேறு யாரும் இல்லை.

கேஸ் இதுதான். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சில நாட்களில், மத்தியானம் கணக்கு ஓடத் தொடங்கியதும் எல்லா மெஷின்களும் ஆமை வேகத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியாகச் சோதித்தால் எல்லாம் நலம். பின்வரிசையில் ஒரே ஒரு கம்பியில்தான் கோளாறு காட்டும். மதுரையிலிருந்து முருகானந்தம் என்ற இன்ஜினியர் மலையேறி வந்து பார்ப்பதற்குள் அந்தக் கோளாறும் மாயமாகிவிடும். அவர் இரண்டு தடவை கம்பியையே மாற்றினார். மாற்றிய கம்பியிலும் அதே கதை. அப்படியானால் இது கம்பியின் குற்றமில்லை, கையின் குற்றம் என்று தனசேகர் முடிவு கட்டினார்.

போன வாரம் விவகாரம் முற்றிவிட்டது. அடுக்கம் பாதையில் மண் சரியும் என்ற எச்சரிக்கை, சரிந்த பிறகு வந்தது. கேரட் மூட்டை ஏற்றிப் போன ஜீப் மண்ணில் மாட்டிக்கொண்டது. டிரைவர் திருமலைச்சாமி இரண்டு காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அன்றைக்கே தேவகுமாரியை வெளியே நிறுத்தினார்கள். அன்றிலிருந்து மெஷினுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பது தனசேகரின் கேள்வி. மெஷின் ரூம் கதவு இரண்டு பேருடைய கார்டுக்குத்தான் திறக்கும், ஒருத்தி தேவகுமாரி, இன்னொருவர் கூட்டிப் பெருக்கும் சோலைமலை. சோலைமலைக்குக் கீபோர்டில் கைவைக்கவே பயம் என்று தனசேகரே சொல்லி அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

மாற்றி எடுத்த பழைய கம்பிகள் மேஜை டிராயரில் கிடந்தன. ஜோதிமணி இரண்டையும் எடுத்து மேஜை மேல் நீட்டி வைத்தாள். ஷூ கயிறு தடிமன்தான். உள்ளே ஓடுவது மின்சாரம் இல்லை, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது என்று தேவகுமாரி சொன்னாள். கம்பி நேராகவோ பெரிய வளைவாகவோ போனால் வெளிச்சம் ஒழுங்காகப் போய்ச் சேரும். இறுக்கமாக வளைத்தால் அந்த வளைவில் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். மறுமுனைக்கு வந்து சேருவது அரைகுறையாக இருக்கும். கேட்கவில்லை, மறுபடி சொல் என்று அது கேட்கும். இது மறுபடி சொல்லும். மற்ற மெஷின்களெல்லாம் காத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டு கம்பியும் ஒரே இடத்தில் மேஜையில் படியாமல் எழும்பி நின்றன. கட்டைவிரலில் சுற்றி எடுத்தது போல ஒரு சின்னச் சுருள்.

அதற்குள் முகேஷ் ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்துக் கம்பித்தட்டை மேய்ந்துகொண்டிருந்தான். "மேடம், இந்த ரூமுக்குள்ள தூசியே வராதுன்னு சொன்னாங்கல்ல? இது எப்படி வந்துச்சு?" என்று எதையோ இரண்டு விரலால் கிள்ளி நீட்டினான். காய்ந்த பூண்டுத் தோல்.

சோலைமலையைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, காதை மூடிய மஃப்ளர். பூம்பாறைப் பக்கம். மனைவி பெருமாயி மகனோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். இவர் மட்டும் துண்டு நிலத்துக்காகவும் இந்த வாட்ச்மேன் வேலைக்காகவும் மலையிலேயே இருந்துவிட்டார். பூண்டுத் தோலைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"நான்தாங்கம்மா. மழை விடல, பூண்டு காயல. எங்க ஊர்ல பூண்டைக் கொத்துக் கொத்தாக் கட்டி அடுப்புக்கு மேல புகையில தொங்க விடுவோம். இப்ப வீட்டுல அடுப்பு எரிய ஆளு ஏதுங்க? இங்க பின்னால சூடா காத்து வருதேன்னு தட்டுல கட்டித் தொங்க விட்டுட்டேன். பாரம் கம்பி மேல விழுந்துருக்கும். பாப்பா மேல ஒரு தப்பும் இல்லைங்க."

தேவகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"முடிஞ்சுது மேடம்," என்றான் முகேஷ். "குற்றவாளி பூண்டு. ரசத்துல போட்டு விசாரிச்சா உண்மையைக் கக்கிடும்."

ஜோதிமணி சோலைமலையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். போன வாரம், அடுக்கத்தில் ஜீப் மாட்டிய அன்றும் பூண்டு தொங்கியதா?

"ஆமாங்க. அன்னைக்கும்தாங்க."

சரி, எல்லாருக்கும் டீ போடுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, முகேஷை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். பூண்டு வடுகபட்டிக்கு இறங்கி ஒரு மாதமாகிறது என்று காலையில் சொன்னது யார் என்று கேட்டாள். முகேஷ் வாயைத் திறந்தான், மூடினான். நான்தான் என்றான்.

"அதோட, பாரம் தொங்கினா கம்பி தொய்யும்ல. சுருளாது. பாரம் எல்லாக் கம்பி மேலயும்தான் விழும், ஒரே கம்பியைப் பார்த்து விழாது. பூண்டு ஒரு காலத்துல தொங்கியிருக்கும். போன வாரம் தொங்கல."

மஞ்சு வராந்தாவுக்குள்ளும் ஏறிவிட்டது. மரம், கேட், ஜீப் எதுவும் தெரியவில்லை. உள்ளே மெஷின்கள் ஓயாமல் இரைவது மட்டும் கேட்டது. இந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு மனுஷக் குரல் இல்லாமல் மாதக்கணக்கில் இருப்பது எப்படி இருக்கும் என்று ஜோதிமணிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. திண்டுக்கல் வீட்டில் அவள் டிவியை ஓட விட்டுவிட்டுத்தான் தூங்குவாள்.

திரும்பிப் போய்த் தேவகுமாரியிடம், இந்தக் கம்பியை யாராவது அறுத்தே போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"அறுந்தா கவலை இல்லை மேடம். உடனே தெரிஞ்சிடும், வேற பாதையில போயிடும். அறுபடாம அரைகுறையா இருக்கே, அதுதான் எல்லாரையும் காக்க வைக்கும்."

ஜோதிமணிக்குச் சுருக்கென்றது. இந்த இடத்தைக் கெடுக்க நினைத்தவன் அறுத்திருப்பான், இல்லை பிடுங்கியிருப்பான். ஒருவன் மெனக்கெட்டு வளைத்து வைத்திருக்கிறான் என்றால் மெஷின் சாகவும் கூடாது, தேறவும் கூடாது என்று நினைத்திருக்கிறான். நோயாளி நோயாளியாகவே கிடக்க வேண்டும். நோயாளி இருந்தால்தானே நர்ஸ் இருப்பாள் என்று முகேஷைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்ப நர்ஸ்தான் செஞ்சிருக்கு," என்றான் முகேஷ் மெல்ல. அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. ஜோதிமணிக்கும் பிடிக்கவில்லை. மணி மூன்று ஆகிவிட்டது.

தேவகுமாரியின் அறை பங்களாவுக்குப் பின்னால் இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஹீட்டர், மூலையில் ஒரு பெரிய பெட்டி. பெட்டி பூட்டியிருந்தது, கைப்பிடியில் பெயர்ச்சீட்டு தொங்கியது, மூடிமேல் தூசி. எங்கே பயணம் என்று ஜோதிமணி கேட்டாள்.

சென்னைக்கு என்றாள் அவள். ஆவணியிலேயே கட்டி வைத்த பெட்டி. இந்த மெஷின்களைச் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், மலையில் ஆள் தேவையில்லை என்று தனசேகருக்கு எழுதிக் கேட்டதே இவள்தான். இங்கே இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பயமாக இருக்கும். தனசேகரும் ஒத்துக்கொண்டார். கோளாறு இல்லாமல் ஒரு மாதம் ஓடட்டும், அப்புறம் வா என்றார். ஒவ்வொரு தடவையும் கிளம்பப் போகும் சமயத்தில் மெஷின் படுத்துவிடும், இவள் பயணம் தள்ளிப்போகும்.

அப்படியானால் இவள் இல்லை. மெஷின் தேற வேண்டும் என்று இவளைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. சென்னைக்குப் போவதை வேறு யாரிடம் சொன்னாய் என்று ஜோதிமணி கேட்டாள்.

"சோலைமலை அண்ணன்கிட்ட மட்டும்தான் மேடம். பூண்டு விஷயமும் எனக்கு அப்பவே தெரியும். மொத தடவை மெஷின் படுத்தது அதனாலதான். அண்ணனுக்கு வேலை போயிடுமேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அவரும் அப்புறம் பூண்டைக் கொண்டு வரவே இல்லை. பூண்டு தொங்கினா மெஷின் ஏன் படுக்குதுன்னு அண்ணன் கேட்டாரு. நான்தான் ஒரு பழைய கம்பியை எடுத்து, இப்படி வளைஞ்சா வெளிச்சம் கசிஞ்சிடும்ண்ணேன்னு, கட்டை விரல்ல சுத்தி..."

அவள் சுற்றிக் காட்டிய கை அப்படியே நின்றது. தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோதிமணி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் திருமலைச்சாமி யார் என்று கேட்டாள்.

"பெருமாயி அக்காவோட தம்பி," என்றாள் தேவகுமாரி. "அண்ணனுக்கு மச்சினன்."

தனசேகரின் சாட்சி அங்கேயே கவிழ்ந்தது. தேவகுமாரியை வெளியே நிறுத்திய நாளிலிருந்து கோளாறு நின்றது உண்மை. அதே நாளில்தான் இன்னொருவருக்கு மச்சினன் கால் முறிந்த செய்தியும் வந்தது.

சோலைமலை அடுக்களையில் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தார். ஜோதிமணி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகேஷ் கதவோரம் நின்றான். ஒரு மாதத்துக்கு முன்பே பூண்டு சந்தைக்குப் போய்விட்டதே, போன வாரம் எதைத் தொங்கவிட்டீர்கள் என்று அவள் கேட்டாள்.

அவர் வடிகட்டியைக் கீழே வைத்தார். துணியில் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"மொதல்ல பூண்டுதாங்கம்மா, அது பொய் இல்லை. அன்னைக்கு மெட்ராஸ் போறது தள்ளிப்போச்சுன்னு பாப்பா அழுதுச்சு. நான் ஆறுதல் சொல்லிட்டு வெளிய வந்தேன். வந்தா எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க. இப்படியும் ஒரு மனுசனான்னு கேவலமாத்தான் இருந்துச்சு. ஆனா சந்தோசமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு பூண்டு வேண்டியிருக்கவில்லை. அவள் கிளம்பும் நாள் நெருங்கினால், அவள் சாப்பிடப் போன நேரத்தில் பெருக்கப் போவார். ஒரு கம்பியை விரலில் சுற்றி, நூலால் ஒரு முடிச்சுப் போட்டு, மற்றக் கம்பிகளுக்கு அடியில் செருகிவிடுவார். பூண்டுக் கொத்துக்குப் போடுகிற முடிச்சு, இழுத்தால் அவிழ்ந்துவிடும். இன்ஜினியர் வத்தலக்குண்டு தாண்டிவிட்டார் என்று போன் வந்ததும் அவிழ்த்துவிடுவார். இப்படி மூன்று மாதம் அவளை நிறுத்தி வைத்திருந்தார். மெஷின் தாமதித்தால் மழைச்செய்தி தாமதிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் செய்தி யாருக்குப் போகிறது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

"மச்சினன் மண்ணுல மாட்டிக்கிட்டான்னு கேட்டதும் ஓடிப் போய் அவுத்துட்டேங்க. அப்புறம் தொடல. தெனமும் சாயங்காலம் போய் அவனுக்குக் கஞ்சி ஊட்டுறேன். என் மாமன் மாதிரி யாருக்கு வாய்க்கும்னு பக்கத்துக் கட்டில்காரங்ககிட்ட சொல்றான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தா வெளிய வர மாட்டேங்குது."

பழி அந்தப் பெண் மேல் விழுந்ததே, அப்போதும் ஏன் சொல்லவில்லை என்று ஜோதிமணி கேட்டாள். கோபத்தோடுதான் கேட்டாள்.

"பயந்துட்டேங்க," என்றார் சோலைமலை. "இன்னைக்குப் பூண்டு மேல பழியைப் போட்டா பாப்பா தப்பிச்சிரும்னு பாத்தேன். அந்த மெசினுக எல்லாம் விடியிற வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு கதைச்சுக்கிட்டே கெடக்குங்க. எனக்கு இந்த மலையில கதைக்கிறதுக்கு ஒரு ஆளுதாங்கம்மா இருந்துச்சு."

கதைக்கிறது என்று பூம்பாறைக்காரர் யாரும் சொல்ல மாட்டார்கள். அது தேவகுமாரியின் அப்பா அம்மா கடல் தாண்டிக் கொண்டுவந்த வார்த்தை. வேறு யாருடைய பேச்சும் காதில் விழாததால் இவர் வாயில் அதுவே குடியேறிவிட்டது. ஜோதிமணிக்கு வந்த கோபம் பாதியில் நின்றது.

தேவகுமாரி வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. திட்டுவாள் என்று சோலைமலை தலையைக் குனிந்துகொண்டார்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே," என்றாள் அவள்.

"எந்தப் பாத்தியதையில சொல்றது பாப்பா? நான் உனக்கு யாரு?"

நாளெல்லாம் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவள்தான். போகிற ஊரின் போன் நம்பரைத் தர வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை. ஊற்றி வைத்த டீயை யாரும் எடுக்கவில்லை.

நாலு மணிக்குத் தனசேகர் வந்தார். ஜோதிமணி நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவர் சோலைமலையை ஏற இறங்கப் பார்த்தார். போலீசுக்குப் பேசப் போவதாகச் சொல்லிப் போனை எடுத்தார். தேவகுமாரியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு காரிலேயே வரலாம், நாளைக்கே சென்னையில் சேரலாம் என்றார். மன்னிப்புக்குப் பதில் அது போதும் என்று நினைத்திருப்பார்.

"நாளைக்குப் பஸ்ஸுல வாறேன் சார்," என்றாள் அவள். "மேகம் கறுத்துக்கிட்டு வருது. அடுக்கத்துக்கு இன்னைய மழையை யார் பாத்துச் சொல்றது?" அவள் கார்டைத் தேய்த்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது. சோலைமலை அந்தக் கதவைப் பார்த்தபடி மஃப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அவர் ஜோதிமணியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஸ்டேஷனுக்குப் போகுமுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மச்சினனிடம் வேறு யாரும் சொல்லுமுன் தானே சொல்ல வேண்டும். தனசேகர் ஆட்சேபித்தார். ஓடிப்போகிற ஆளாக இருந்தால் இத்தனை நாள் தனியாகக் கிடந்திருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு, ஜோதிமணி அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் சைக்கிள் விடும் பிள்ளைகளுக்காக முகேஷ் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய சோலைமலை கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டார். அதை எப்போது ஜீப்பில் வைத்தார் என்று தெரியவில்லை. நீங்க போங்கம்மா, நான் சொல்லிட்டு வெளிய வந்து உக்காந்திருக்கேன், போலீஸ்காரங்க வரட்டும் என்றார். ஜோதிமணி போகவில்லை. அவர் மஞ்சுக்குள் நடந்து படியேறும்வரை பார்த்தாள். உள்ளேயிருந்து வாங்க மாமா என்று ஒரு குரல் கேட்டது.

போலீஸ் ஜீப் வந்து, சோலைமலை அதில் ஏறிப் போன பிறகுதான் முகேஷ் சாவியைத் திருகினான். ரூம் போடவா, வழக்கம்போல நாளைக்குக் கிளம்பலாமா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அந்த ஒரு நாளை அவன் இத்தனை வருஷமும் கவனித்திருக்கிறான் என்று ஜோதிமணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் உனக்கு யாரு என்று அந்த மனுஷன் கேட்டது அவள் காதைவிட்டுப் போகவில்லை. அதையே கேட்டுக் கேட்டு மூன்று வருஷத்தை அவளும் ஓட்டியிருக்கிறாள்.

"ரூம் வேண்டாம்டா," என்றாள். "அம்மாவுக்குப் போன் போடு. நாளைக்கு மத்தியானம் சாப்பிட வர்றேன்னு சொல்லு. இல்ல, போட்டு எங்கிட்ட கொடு. வரலாமான்னு நானே கேக்குறேன்."

முகேஷ் போனை எடுத்தான். நம்பரை அழுத்துமுன் ஒரு நிமிஷம் யோசித்தான்.

"பூண்டு கிடைக்கலக்கா. ரசம் நல்லா இருக்காது."

"பரவாயில்லை," என்று கையை நீட்டினாள் ஜோதிமணி.